மிச்சமாகும் நேரம் யாருக்கு? அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த அனுபவம்

வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது, ஒப்பந்த ஆவணங்களைச் சரிபார்ப்பது, மாதாந்திர அறிக்கைகளைத் தயாரிப்பது ஆகிய வேலைகளைக் கவனிக்கும் ஒரு பிரிவில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவில் எத்தனை பேருக்கு உரிமம் வாங்க வேண்டும், பயிற்சி வகுப்பை எப்போது நடத்த வேண்டும், காலாண்டு முடிவில் பயன்பாட்டு விகிதத்தை எந்தப் படிவத்தில் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை. பயிற்சி வகுப்பின் இறுதியில், பல ஆண்டுகளாகப் புகார்ப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் ஊழியர் அதை வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: “சார், ஒரு மணி நேர வேலையை இதை வைத்துக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டால், மீதி முக்கால் மணி நேரத்துக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? அல்லது, கொடுக்க ஆளே தேவையில்லை என்பீர்களா?”

பயிற்சியாளரிடம் இதற்குப் பதில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. கருவி ஒரு பயணத் திட்டத்தை எழுதுவதையும் பிறந்தநாள் வாழ்த்தைச் செய்யுளாக்குவதையும் அவர் அழகாகக் காட்டினார். எல்லோரும் ரசித்தார்கள். ஆனால் மறுநாள் மேசைக்குத் திரும்பியவர்களின் முன்னால் இருந்தவை பயணத் திட்டங்களோ வாழ்த்துச் செய்யுள்களோ அல்ல. அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நிர்வாகம்தான் என்பதும், அந்த விடை கிடைக்கும்வரை எந்தப் பயிற்சியும் மனத்தில் ஒட்டாது என்பதும் அன்றே எனக்குப் புரிந்தன.

இதற்கிடையே வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதிகாரபூர்வக் கருவியைத் திறந்தே பார்க்காத பலர், தங்கள் சொந்தக் கைப்பேசியில் இலவசக் கருவிகளை வைத்துக் கடிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் பிரிவுக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. மைக்ரோசாஃப்டும் லிங்க்ட்இன்னும் இணைந்து 31 நாடுகளில் நடத்தி 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வேலையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவோரில் 78 விழுக்காட்டினர் நிறுவனம் தராத, தாங்களே தேடிக்கொண்ட கருவிகளைக் கொண்டுவருவதாகவும், பாதிக்கும் சற்று அதிகமானோர் மிக முக்கியமான வேலைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை வெளியே சொல்லத் தயங்குவதாகவும் கூறியிருந்தார்கள். இந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்றோ தொழில்நுட்பப் பயம் என்றோ சொல்லிக் கடந்துபோகும் மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அது மிகத் தெளிவான கணக்கு. விரைவாக முடித்தேன் என்று சொன்னால் கூடுதல் வேலை வரும். எளிதாக முடித்தேன் என்று சொன்னால் என் இடத்தில் இன்னொருவர் போதும் என்று தோன்றிவிடும். எனவே, மிச்சமான நேரத்தை யாருக்கும் சொல்லாமல் தானே வைத்துக்கொள்வதுதான் ஊழியருக்குப் பாதுகாப்பு.

ஆனால் நிறுவனத்துக்கு இந்த மறைவுப் பயன்பாடு மிகவும் ஆபத்தானது. 2023ஆம் ஆண்டு சாம்சங் நிறுவனத்தின் ஊழியர்கள் உள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் பதிவிட்டது தெரியவந்ததும், அந்நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தது. தடையால் பயன்பாடு நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. கைப்பேசி இருக்கும்வரை அது இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்.

ஆகவே முதலில் நான் செய்த வேலைக்கும் கணினிக்கும் தொடர்பில்லை. நிர்வாகத்திடம் போய், மிச்சமாகும் நேரத்தைப் பற்றி எழுத்தில் ஓர் உறுதி கேட்டேன். எளிதில் கிடைக்கவில்லை. செலவு செய்து கருவி வாங்கியபின் இலக்கை உயர்த்தாமல் இருந்தால் முதலீடு எதற்கு என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஊழியர்கள் பயன்படுத்தாத கருவியால் எந்த இலக்கையும் உயர்த்த முடியாது என்பதுதான் என் வாதம். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு ஒரு பக்கக் குறிப்பு வெளியானது. இந்தக் கருவியைக் காரணம் காட்டி நிதியாண்டு முடியும்வரை ஆட்குறைப்பு கிடையாது; அதுவரை தினசரி இலக்கும் மாறாது; மிச்சமாகும் நேரம் முதலில் தேங்கிக் கிடக்கும் பழைய புகார்களுக்கும், அடுத்துப் பயிற்சிக்கும், அதன்பின் உரிய நேரத்தில் வீட்டுக்குப் போவதற்கும் செலவிடப்படும் என்று அதில் இருந்தது. என்றென்றைக்கும் வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதையும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னேன். எல்லைக்கு உட்பட்ட, ஆனால் கையெழுத்திட்ட வாக்குறுதி, எல்லையற்ற இனிய பேச்சைவிட மதிக்கப்பட்டது.

அந்தக் குறிப்பு வெளியான பிறகு, இதுவரை யார் எந்தக் கருவியைப் பயன்படுத்தியிருந்தாலும் விசாரணை இல்லை, எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று மட்டும் காட்டுங்கள் என்று அழைத்தோம். முதலில் முன்வந்தவர்கள் நாங்கள் எதிர்பார்த்த இளைஞர்கள் அல்லர். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே மீதமிருந்த ஒரு கணக்குப் பிரிவு ஊழியர், எக்செல் தாளில் தவறாகப் பதிவான தேதிகளைத் திருத்துவதற்கான சூத்திரங்களைக் கருவியிடம் கேட்டு எழுதிக்கொள்வதைக் காட்டினார். சூத்திரத்தை முதலில் அசல் தாளில் இடாமல், விடை தெரிந்த பழைய மாதத்தின் நகலில் இட்டுச் சோதிக்கிறார். இந்த ஒரு பழக்கம், நாங்கள் பணம் கொடுத்து நடத்திய வகுப்பில் கற்றுத் தந்த அனைத்தையும்விட அதிக மதிப்புள்ளது. கருவியின் விடையை, விடை தெரிந்த கேள்வியால் முதலில் சோதிப்பது என்பதே பிறகு எங்கள் பிரிவின் முதல் விதியானது.

எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதை மேலிருந்து தீர்மானிக்காமல், ஊழியர்கள் வெறுக்கும் வேலைகளிலிருந்து தொடங்கினோம். நீண்ட மின்னஞ்சல் தொடரைச் சுருக்கிச் சொல்வது, கூட்டக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது, கோபமாக எழுதிவிட்ட ஒரு வரைவின் தொனியைத் தணிப்பது போன்றவை அவை. இவற்றில் கருவி நன்றாக உழைத்தது. ஆனால் இவற்றுக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் வேறு வேலைகளில் அது படுதோல்வி அடைந்தது. புகாருக்குப் பதில் எழுதும்போது நிறுவனத்தின் விதிமுறையை மேற்கோள் காட்டச் சொன்னால், இல்லாத உட்பிரிவு ஒன்றை எண்ணோடு எழுதிக் கொடுத்தது. நீண்ட அட்டவணையின் தொகைகளைக் கூட்டச் சொன்னால் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் சொன்னது. இரண்டையும் ஒரே உறுதியோடு சொன்னது. இதற்கான காரணத்தை ஊழியர்களுக்கு விளக்குவது அவசியம். இத்தகைய மொழி மாதிரி, உண்மைகளை அடுக்கிவைத்து எடுத்துத் தரும் பேழை அல்ல. இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் அமைப்பு. விதிமுறை ஆவணத்தை அதன் முன் வைக்காவிட்டால், விதிமுறை போல ஒலிக்கும் வாக்கியத்தை அது எழுதும். நடை சீராக இருப்பது சரியாக இருப்பதற்கு அடையாளம் அல்ல என்பதை, நல்ல நடைக்கு மதிப்பெண் கொடுத்தே பழகிய நமக்கு உணர்த்துவது கடினம்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களைக் கொண்டு நடத்திய சோதனை இதே விஷயத்தைத்தான் காட்டியது. கருவியின் திறனுக்கு உட்பட்ட வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 12 விழுக்காடு கூடுதலான பணிகளை, 25 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். திறனுக்கு வெளியே வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஒரு பணியில், கருவி இல்லாதவர்களைவிட அவர்கள் சரியான விடையை எட்டிய விகிதம் 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த வேலையை நாள்தோறும் செய்பவரே சோதித்துக் கண்டறிய வேண்டும். எனவே ஒரு தாளில் எங்கள் வேலைகளை வரிசையாக எழுதி, நேரடியாகப் பயன்படுத்தலாம், சரிபார்த்துப் பயன்படுத்தலாம், பயன்படுத்தக் கூடாது என மூன்று பத்திகளில் ஊழியர்களே குறித்தார்கள். நடுப்பத்திதான் மிக நீளமாக வந்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டோம்.

சரிபார்ப்பைப் பற்றிப் பேசினால் பொறுப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023 ஜூன் மாதம் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், ஏர் கனடா நிறுவனத்தின் இணையதள உரையாடல் கருவி தவறாகச் சொன்ன கட்டணச் சலுகைக்கு அந்த நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது; கருவி தனக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பது போன்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இந்த இரண்டு வழக்குகளையும் கூட்டத்தில் விளக்கியபோது, ஊழியர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்று ஒரு மேலாளர் கவலைப்பட்டார். நடந்தது வேறு. கடிதத்தின் கீழே யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே அதற்குப் பொறுப்பு என்று முடிவு செய்தோம். ஆனால் அதோடு இரண்டு உரிமைகளையும் சேர்த்தோம். பொறுப்பேற்பவருக்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கருவி வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உண்டு. சரிபார்க்க ஆகும் நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வரும். உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமத்தியிருந்தால் அந்த மேலாளர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

நேரக் கணக்கை உணர்வை வைத்துப் போடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமிக்க 16 மென்பொருள் நிரலாளர்கள் தங்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் வேலை செய்வதை அளந்தது. கருவி இருந்தபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. ஆனால், தாங்கள் 20 விழுக்காடு விரைவாக முடித்ததாகவே அவர்கள் நினைத்தார்கள். எங்கள் ஒப்பந்தச் சரிபார்ப்பிலும் இப்படித்தான் இருந்தது. கருவி எழுதிய சுருக்கத்தை ஒப்பந்தத்தோடு வரிவரியாக ஒப்பிட்ட மூத்த ஊழியர்கள், நேரடியாக ஒப்பந்தத்தைப் படிப்பதைவிட அதிக நேரம் எடுத்தார்கள். அந்த வேலையைத் தயக்கமின்றிக் கடைசிப் பத்திக்கு நகர்த்தினோம்.

மூத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகியோர் 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், கருவி வந்தபின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்படும் சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடியதாகவும், புதியவர்களிடம் அது 34 விழுக்காடு வரை உயர்ந்ததாகவும், அனுபவமும் திறமையும் மிக்கவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டார்கள். திறமையானவர்களின் வழிமுறைகளைக் கருவி புதியவர்களுக்குப் பரப்பியது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. இதை மேலாளர்கள் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுகிறார்கள். இதே செய்தியை ஒரு மூத்த ஊழியரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள்: இருபது ஆண்டுகளில் நான் சேர்த்த நுணுக்கம் நேற்று வந்தவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, எனக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. அவர்களின் எதிர்ப்பை அறியாமை என்று அழைப்பது அநீதி.

எனவே கருவிக்கு மாதிரியாகக் கொடுக்கப்படும் கடிதங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும், அது எழுதும் வரைவுகளை மதிப்பிடும் பொறுப்பையும் மூத்தவர்களுக்குக் கொடுத்தோம். அந்த வேலை ஆண்டு மதிப்பீட்டில் ஊதிய உயர்வோடு இணைக்கப்பட்ட தனித் தலைப்பாகச் சேர்க்கப்பட்டது. பாராட்டுச் சான்றிதழோடு நிறுத்தியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். கருவிக்கு இடும் கட்டளைகளைத் தொகுத்துப் பொதுக் கோப்புறையில் வைத்ததால் பெரிய பயன் ஏற்படவில்லை. பிறர் எழுதிய கட்டளைகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால், ஒரு மூத்தவர் தேர்ந்தெடுத்த மூன்று நல்ல கடிதங்களை மாதிரியாக வைத்து, யாருக்கு எழுதுகிறோம், என்ன நடந்தது, எதைச் சொல்லக் கூடாது என்ற பின்னணியையும் சேர்த்துக் கேட்டபோது வந்த வரைவுகள் எங்கள் அலுவலகத்தின் குரலில் இருந்தன. வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிய பிறகே எதையும் உள்ளிட வேண்டும் என்ற விதியை, நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்ட கருவிக்கும் விலக்கின்றி வைத்தோம். விதி ஒன்றாக இருந்தால்தான் பழக்கமாகும்.

இளையவர்களிடம் சிக்கல் நேர்மாறானது. அவர்கள் மிக எளிதாகப் பழகிக்கொண்டார்கள், அதுவே கவலையானது. சில மாதங்களில், ஒரு புகாரைப் படித்து அதில் உண்மையான குறை எது என்று தாங்களே கண்டுபிடிக்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. ஆலைகள் தானியங்கி முறைக்கு மாறுவதைப் பற்றி 1983இலேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் எழுதியது நினைவுக்கு வந்தது: வழக்கமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு, அது தடுமாறும் நேரத்தில் தலையிட மனிதரை வைத்தால், பயிற்சி இல்லாததால் அந்த மனிதரின் திறமையே மங்கிப்போயிருக்கும். தவறான வரைவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சரியான கடிதத்தை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, புதிதாகச் சேருபவர்கள் தகுதிகாண் காலத்தில் முதலில் தாங்களே எழுதி, பிறகு கருவியின் வரைவோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை ஒரு மூத்தவரிடம் விளக்க வேண்டும் என்று வைத்தோம். முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பயிற்சிக்கென்று வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினோம். அது வேலை நேரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன், ஏனெனில் மாலையில் தங்கிக் கற்றுக்கொள்ளச் சொன்னால், வீட்டில் குழந்தைகளையோ முதியவர்களையோ கவனிக்க வேண்டியவர்கள்தான் முதலில் பின்தங்குவார்கள். அந்த அரை மணியில் யாராவது ஒருவர் அந்த வாரம் கருவி சொதப்பிய ஓர் இடத்தைக் காட்டுவார். வெற்றிகளைக் காட்டும் கூட்டம் விளம்பரமாகிவிடுகிறது. தோல்வியைக் காட்டும்போதுதான் கேள்விகள் வருகின்றன. பணியாளர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றிய போதிய அறிவை உறுதிசெய்ய நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் பிரிவு 2025 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே எத்தனை நிறுவனங்கள் இதை ஒரு காணொளியும் பத்துக் கேள்விகளும் கொண்ட சடங்காக முடித்துக்கொள்ளும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

அளவீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை பேர் கருவிக்குள் நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கை பயனற்றது. அது கண்காணிக்கப்படுகிறது என்று தெரிந்ததும், காலையில் ஒருமுறை திறந்து ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு மூடினார்கள். அதே வாடிக்கையாளர் அதே குறையோடு மறுபடியும் எழுதுகிறாரா, மேற்பார்வையாளர் எத்தனை கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறார் என்பவற்றைப் பார்த்ததில்தான் ஏதோ தெரிந்தது.

இந்த முயற்சி முழுவதையும் கவிழ்க்கப் பார்த்தது ஊழியர்களின் தயக்கம் அல்ல, இடைநிலை மேலாளர் ஒருவரின் ஆர்வம். தன் குழுவினர் கருவியோடு நடத்திய உரையாடல்களைத் தொகுத்து, அவற்றைக் கருவியிடமே கொடுத்து, யார் எந்த விஷயத்தில் பலவீனமானவர் என்று அவர் பட்டியல் எடுத்திருந்தார். செய்தி பரவிய மறுநாளே அந்தக் குழுவில் பயன்பாடு ஏறத்தாழ நின்றுபோனது. எதையும் தெரியாமல் கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதுதான் பலருக்கு இந்தக் கருவியின் முதல் கவர்ச்சி. அந்தக் கேள்விகளே தங்களுக்கு எதிரான சாட்சியமாகும் என்று தெரிந்தால் யார் கேட்பார்கள்? உரையாடல்களைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் உரிய அனுமதியோடு மட்டுமே பார்க்கலாம், ஊழியர் மதிப்பீட்டுக்கு அவற்றையோ கருவியின் கருத்தையோ எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் வந்த பிறகும், அந்தக் குழு பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் பிடித்தது. இந்த விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது என்று இதே பணியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவருகிறேன். இத்தகைய மேலாளரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டியதில்லை. அவருக்கும் மேலே ஓர் இலக்கு இருக்கிறது, அவருடைய நேரம் மிச்சமானால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஒருவர் இன்றுவரை கருவியைத் தொடவில்லை. அவருடைய கடிதங்கள் திருப்பி அனுப்பப்படுவது அரிது, வேகமும் குறைவில்லை. அவரை மாற்றச் சொல்லி எனக்கு அவ்வப்போது நினைவூட்டல் வருகிறது. மாற்ற வேண்டிய காரணம் ஒன்றைக் காட்டுங்கள் என்று பதில் எழுதுகிறேன்.

மூன்று பத்தித் தாளை இப்போது காலாண்டுதோறும் மறுபடியும் எழுதுகிறோம், ஏனென்றால் கருவியின் புதிய பதிப்பு வரும்போது, முன்பு முடியாமல் இருந்தது முடிகிறது. முன்பு ஒழுங்காக நடந்தது சில நேரம் மாறிவிடுகிறது. விதிமுறை ஆவணத்தைக் கருவியோடு இணைத்த பிறகு, மேற்கோள் காட்டும் வேலை கடைசிப் பத்தியிலிருந்து நடுப்பத்திக்கு வந்திருக்கிறது. அதை முதல் பத்திக்குக் கொண்டுபோகலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். மூத்தவர்கள் இன்னும் ஒரு காலாண்டு பார்ப்போம் என்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு உட்பிரிவு எண்ணையும் மூல ஆவணத்தில் தேடிப் பார்த்த பிறகே கடிதம் வெளியே போகிறது.